மாமா ஜெர்மனில் இறந்த கதை

புதிதாக ஒரு மொழியைக் கற்றுக்கொள்கிறவன் அந்த மொழியில் முதலில் பொய் சொல்லத்தான் பழகுகிறான். வேறு வழியில்லை. தெரிந்த நாலு சொற்களை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல முடியாது. ஜெர்மன் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒரு நாய் இருப்பதாகச் சொன்னேன். கறுப்பு நாய் என்றும் சொன்னேன் (வெள்ளை இன்னும் பாடத்தில் வந்திருக்கவில்லை). அடுத்த மாதம் எனக்கு மியூனிக் நகரத்தில் ஒரு தங்கை முளைத்து, வளர்ந்து, டாக்டராகவும் ஆகிவிட்டாள். இதனாலெல்லாம் யாருக்கும் கெடுதல் வரவில்லை. பிறகு இறந்த காலம் நடத்தினார்கள். அதில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது மடல் சுடுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பாவும் அம்மாவும் திண்டிவனத்தில் இருந்தார்கள். நான் குரோம்பேட்டையில், அம்மாவின் அண்ணன் சபாபதி மாமா வீட்டில் தங்கி, பல்லாவரம் பக்கம் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு ரயில்வேயில் உத்தியோகம். மாமாவுக்கும் சரோஜா அத்தைக்கும் குழந்தைகள் இல்லை. அதனால் என் தட்டில் விழுகிற மீன் எப்போதும் நடுத்துண்டாகவே இருக்கும்.

எங்கள் கம்பெனி ஜெர்மனியிலிருந்து புது மெஷின்கள் வாங்கியது. அவற்றை ஓட்டப் பழகிக்கொண்டு வர ஓர் ஆளை ஒரு வருடம் அங்கே அனுப்புவதாக முடிவானது. அந்த ஆள் நான். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஜெர்மன் மொழியின் முதல் நிலைத் தேர்வில் தேறி, மழைக்காலத்துக்கு முன்னால் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயர்.

மாமா அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பாரிமுனைக்குப் போய் ஒரு கம்பளி ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவும் வாங்கி வந்தார். அளவு பார்ப்பதற்காக மே மாதத்து மத்தியானத்தில் இரண்டையும் எனக்கு மாட்டிவிட்டு, எதிர்வீட்டு நாராயணன் சாரை வேறு கூப்பிட்டுக் காட்டினார்.

"ஜெர்மனியில ஐஸ் கொட்டுமாம் சார். பையன் தாங்கணும்ல?"

"மொதல்ல குரோம்பேட்டையில தாங்கட்டும். கழட்டுங்க, பையன் மயக்கம் போட்டுடப் போறான்" என்றார் அத்தை.

இனி ஜெர்மன் மொழி ஒன்றுதான் பாக்கி. அதை மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாவு மில்லின் மாடியில், பகலில் வங்கியிலும் மாலையில் கரும்பலகையிலும் வேலை பார்த்த வரதன் சார் நடத்திக்கொண்டிருந்தார். கீழே மிளகாய் அரைக்கிற நாளில் மேலே வகுப்பே இருமும். நாங்கள் எட்டு பேர் படித்தோம். டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்த ரோஸ்லின், மெடிக்கல் ரெப்பாக அலைந்துகொண்டிருந்த அன்வர் இருவரும் என் பெஞ்சு. மற்ற ஐந்து பேரும் நான் எழுதுவதைப் பார்த்து எழுதுகிறவர்கள். ஆமாம், வகுப்பில் முதல் மாணவன் நான்தான். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

இறந்த காலத்துக்கு வருகிறேன். ஜெர்மன்காரர்கள் பேச்சு வழக்கில் நேற்று நடந்ததைச் சொல்லும்போது 'போனேன்', 'சாப்பிட்டேன்' என்று நேரடியாக முடித்துவிட மாட்டார்கள். முதலில் ஒரு துணைவினையை நிறுத்திவைப்பார்கள். பிறகு எங்கே, எப்போது, யாரோடு என்று ஊர்க்கதை வரும். உண்மையான வினை, பெரும்பாலும் தலையில் 'கெ' என்று ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். துணைவினைகள் இரண்டு. ஒன்று ஹாபென், இன்னொன்று ஸைன். தின்றது, குடித்தது, வாங்கியது, படித்தது எல்லாம் ஹாபென் கட்சி. போனது, வந்தது, விழுந்தது, எழுந்தது எல்லாம் ஸைன் கட்சி.

"இடம் மாறினா ஸைன். நிலைமை மாறினா ஸைன். ரெண்டும் மாறலைன்னா ஹாபென். புரியுதா?" என்றார் வரதன் சார்.

"சார், எங்கயும் போகாம சும்மா வீட்டுலயே இருந்தா?" என்று கேட்டான் அன்வர்.

"சும்மா இருந்தாலும் ஸைன்தான்."

"அது ஏன் சார்? எதுவுமே மாறலையே?"

"அது அப்படித்தான். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டோம். தேர்வு நெருங்கியபோது எங்களுக்கு முந்தைய வகுப்பில் படித்தவர்கள் மூலமாக ஒரு ரகசியம் வந்து சேர்ந்தது. வாய்மொழித் தேர்வு நடத்துகிற ஜெர்மன் அம்மையார் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விதான்: "வாஸ் ஹாபென் ஸீ கெஸ்டர்ன் கெமாஹ்ட்?" அதாவது, நேற்று என்ன செய்தீர்கள்? பதிலில் ஸைன் கட்சி வினைகள் எவ்வளவு வருகின்றனவோ அவ்வளவுக்கு மதிப்பெண் கூடும் என்றும் சொன்னார்கள்.

நேற்றைய தினத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குத் தோன்றியதில் வியப்பே இல்லை. பசுவைப் பற்றிய கட்டுரை, தபால்காரரைப் பற்றிய கட்டுரை, நீ முதலமைச்சரானால் என்று ஒரு கட்டுரை என மனப்பாடத்தின் தோளில் ஏறியே பட்டம் வரைக்கும் வந்தவர்கள் நாங்கள். ரோஸ்லின் மட்டும் சந்தேகமாகக் கேட்டாள்.

"நெஜமா நேத்து என்ன பண்ணோமோ அதையே சொன்னா என்ன மூர்த்தி?"

"நேத்து நீ என்ன பண்ணே?"

"ஆபீஸ் போனேன். வந்தேன். தூங்கினேன்."

"அதுக்கு எவன் மார்க் போடுவான்?" என்றேன்.

அன்று சார் வரத் தாமதமானது. நான் எழுந்துபோய்ச் சாக்கட்டியைக் கையில் எடுத்தேன். எட்டு பேருக்கும் பொதுவான ஒரு நேற்றைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன். எழுந்ததும் காப்பி குடித்ததும் கடற்கரைக்கு ரயிலில் போனதும் வரிசையாக வந்தன. மாடிப்படியில் யாராவது விழுந்தால் 'விழுந்தார்' கிடைக்கும். விழுந்தவர் அப்படியே இறந்தும் போய்விட்டால் 'இறந்தார்' இலவசமாகக் கிடைக்கும். அதுவும் சுத்தமான ஸைன் கட்சி. நிலைமை அதைவிட எப்படி மாற முடியும்?

"சூப்பர்டா. யாரைச் சாகடிக்கலாம்? தாத்தா?" என்றான் அன்வர்.

"தாத்தாவையெல்லாம் லீவு லெட்டர்லயே முடிச்சாச்சு. மாமான்னு போடலாம்."

"சும்மா மாமான்னா நம்ப மாட்டாங்க. பேரு போடு."

வாயில் வந்த பெயரைப் போட்டேன். எனக்கு இருந்ததே ஒரு மாமாதான். நான் அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில், வழியில் விளக்கில்லை என்பதற்காக, டார்ச் லைட்டும் சைக்கிளுமாக எனக்குக் காத்துக்கொண்டிருந்திருப்பார். அது எனக்கு அப்போது தோன்றக்கூட இல்லை.

நான் இயற்றிய நேற்று தமிழில் இப்படி இருக்கும்: 'நேற்று சீக்கிரம் எழுந்தேன். காப்பி குடித்தேன். ரயிலில் கடற்கரைக்குப் போனேன். மாலையில் திரும்பி வந்தேன். என் மாமா சபாபதி மாடிப்படியில் விழுந்தார். என் மாமா சபாபதி இறந்தார். நான் வீட்டிலேயே இருந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன். சீக்கிரம் தூங்கிவிட்டேன்.'

இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. இதை எழுதியவனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

"அவங்கவங்க கொஞ்சம் மாத்திக்கங்க" என்று நான் சொன்னது உண்மை. எல்லோரும் தலையை ஆட்டியதும் உண்மை. ஆனால் மனப்பாடம் செய்கிறவனுக்கு ஒரு சொல்லை எடுத்தால் மொத்தமும் சரிந்துவிடும் என்ற பயம் உண்டு. ஒருவரும் எதையும் மாற்றவில்லை. சனிக்கிழமை காலை, தாம்பரத்திலிருந்து தேர்வுக்குப் போகிற மின்சார ரயிலில், எட்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து ஒரே குரலில் உருப்போட்டோம். "மைன் ஒங்கெல் சபாபதி இஸ்ட் கெஷ்டோர்பென்" என்று மாமா இறக்கிற வரி வந்தபோது குரல் தானாக ஓங்கியது. கீரைக் கூடையோடு பக்கத்தில் நின்றிருந்த ஓர் அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னாப்பா, ஸ்லோகம் சொல்லிகினு வர்றீங்க? எந்தக் கோயிலுக்கு?"

"பரீட்சைக்கும்மா" என்றான் அன்வர்.

"நல்லா சொல்லு. சாமி பாஸ் பண்ணி வுட்ரும்."

தேர்வு நடந்த இடம் நகரத்துக்குள் ஒரு பழைய பங்களா. எங்களைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்து ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் போன ரோஸ்லின் முகமெல்லாம் பூரிப்பாக வெளியே வந்தாள்.

"அந்தம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு என்னென்னமோ சொன்னாங்க. குடிக்கத் தண்ணிகூட குடுத்தாங்க. எனக்கு நல்ல மார்க்குதான்."

அடுத்து போனவனும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அன்வர் போய்விட்டு வந்து, "நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவங்களே 'ஒங்கெல் சபாபதி?'ன்னு கேட்டாங்கடா. ஆமான்னேன். முதுகைத் தட்டிக் குடுத்தாங்க" என்றான். இதைக் கேட்டு நான் உஷாராகியிருக்க வேண்டும். எனக்கோ பெருமை தாங்கவில்லை. நம்முடைய கதை இவ்வளவு நன்றாக எடுபடுகிறதே என்று காலரைச் சரிசெய்துகொண்டேன்.

நான் கடைசி. உள்ளே தேர்வு நடத்துகிற கெல்லர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, பருத்திச் சேலைத் துணியில் தைத்த கவுன், சிவந்த மூக்கு. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேள்வியைக் கேட்டார். நான் ஆரம்பித்தேன். மாமா விழுகிற இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். இறக்கிற இடத்தில் சற்று நிறுத்தினேன். கதையை இயற்றியவன் நானல்லவா, மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டாமா? கூடவே ஒரு சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். 'நான் மாமா வீட்டில் வசிக்கிறேன்' என்று.

அதைக் கேட்டதும் அம்மையார் எழுந்து நின்றுவிட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எனக்கு ஜெர்மன் பேசத் தெரியும், கேட்கத் தெரியாது. மனப்பாடம் செய்ததைத் தவிர வேறு எந்த வாக்கியமும் எனக்குக் கீழே மாவு மில் ஓடுகிற சத்தமாகத்தான் இருந்தது. அறைக்குள் ஜெர்மன் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்பது விதி. எனவே தெரிந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டேன். 'யா' என்றால் ஆமாம். 'பிட்டே' என்றால் தயவுசெய்து.

அவர் ஏதோ கேட்டார். "யா" என்றேன். என் விண்ணப்பத்தில் இருந்த வீட்டு விலாசத்தின் மேல் விரலை வைத்து ஏதோ கேட்டார். "யா" என்றேன். கடைசியாக மிகவும் பணிவாக, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "யா, பிட்டே" என்று மனம் நிறைந்து சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் கேட்டது என்ன என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தை பையை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் காய்கறியும் மீனும் வாங்கப் போயிருந்தார். மாமா முன்வாசலில் ஸ்டூல் போட்டு, கிழிந்த பனியனோடு உட்கார்ந்து, தலைக்கும் மீசைக்கும் டை அடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஓர் அம்பாசடர் கார் வந்து நின்றது. முதலில் டிரைவர் இறங்கினார். பின்கதவைத் திறந்துகொண்டு, கறுப்பு உடையில், கையில் ஒரு பெரிய மலர்வளையத்தோடு கெல்லர் அம்மையார் இறங்கினார்.

நான் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓர் ஆண்பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? வெளியே போய் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அங்கிருந்த சின்ன ஜன்னல் முன்வாசல் பக்கம்தான் திறக்கும். அதனால் எல்லாவற்றையும் கேட்கிற தண்டனையும் எனக்குக் கிடைத்தது.

"சார், சாவு வூடு இதானே?" இது டிரைவர்.

"எந்தச் சாவு?"

"சபாபதின்னு ஒரு பெரியவரு. படியில வுழுந்து பூட்டாராமே. மேடம் வளையம் வைக்க வந்துகீறாங்க. பாடி உள்ள கீதா, எடுத்துட்டாங்களா?"

"நான்தான்யா சபாபதி."

டிரைவர் மாமாவை, டை வழிகிற தலையிலிருந்து கால்வரை பார்த்திருக்க வேண்டும்.

"படியில வுழல?"

"இந்த வீட்டுக்கு மாடியே இல்லையேய்யா! எங்கேர்ந்து விழறது?"

"மேடம், இவரு வேற சபாபதி போல கீது" என்று டிரைவர் பதற்றத்தில் ஜெர்மன் அம்மையாரிடம் தமிழிலேயே சொன்னார்.

தெருவில் ஒரு கார் வந்து நின்று, அதிலிருந்து மலர்வளையம் இறங்கினால் என்ன நடக்கும் என்று குரோம்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை நேரத்து டிவி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் ஒவ்வொன்றாகச் சத்தம் நின்றது. நாராயணன் சார் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். பின்னாலேயே இன்னும் பத்துப் பதினைந்து பேர் வந்து, கேட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு மாமா நிற்பது தெரிந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல் விழித்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு வளையம் மட்டும்தான் தெரிந்தது. ஓர் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு" என்றார்.

சரியாக அந்த நேரத்தில் தெருமுனையில் அத்தை திரும்பினார். அதை நான் பாத்ரூம் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வீட்டு வாசலில் கூட்டம். கார். கேட்டில் சாய்த்து வைத்த மலர்வளையம். அத்தை ஒரு கணம் நின்றார். பிறகு "என்னங்க!" என்று ஒரு குரல் எழுந்தது. அப்படி ஒரு குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கையிலிருந்த பை விழுந்து தக்காளி தெருவில் உருண்டது. செருப்பு ஒரு பக்கம் கழன்று போக, முந்தானை தரையில் இழுபட, அத்தை ஓடி வந்தார். கூட்டம் வழி விட்டது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

நான் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வாசலுக்கு ஓடினேன். அதற்குள் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "சரோஜா, இங்க பாரு, நான் இங்கதான் இருக்கேன், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே எதிரே போயிருந்தார். அத்தை அவர் தோளையும் முகத்தையும் தலையையும் தடவித் தடவிப் பார்த்தார். கையெல்லாம், கன்னமெல்லாம், சேலையெல்லாம் கறுப்பு டை. பிறகு அப்படியே வாசலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. எனக்குச் சோறு போட்ட கை அப்படித் தடவித் தேடியதை நான் பார்த்திருக்கக் கூடாது.

கெல்லர் அம்மையாரும் மாமாவும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் தரப்பில் தவறே இல்லை. முதலில் ஒரு கிறிஸ்தவப் பெண் வந்து தன்னுடைய சபாபதி மாமா இறந்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு ஒரு முஸ்லிம் பையன் வந்து அதே மாமா இறந்துவிட்டதாகச் சொன்னான். எட்டு பேரும் சொன்னார்கள். இந்தியாவில் ஊரிலுள்ள பெரியவர்களையெல்லாம் பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஜாதி மதம் பார்க்காமல் ஒரு வட்டாரமே துக்கம் காக்கிற மனிதர் எப்பேர்ப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்! அப்படிப்பட்டவருக்குக் கடைசி மரியாதை செய்ய வரலாமா என்று என்னிடம் கேட்டாராம். நானும் 'ஆமாம், தயவுசெய்து' என்று சொன்னேனாம்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மீசையில் பாதி கறுப்பாகவும் பாதி நரையாகவும் இருந்தது. என் பக்கம் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"எட்டு பேருமா சொன்னீங்க?"

"ஆமா மாமா."

"நான் செத்ததுக்கு எத்தனை மார்க்குடா?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரெண்டு மார்க்கு மாமா."

"ரெண்டுதானா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் தன் வீட்டுப் பொருளை யாரோ அடிமாட்டு விலைக்குக் கேட்டதுபோல் சொன்னார். நாராயணன் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா, சங்கடப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மையாரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம். அத்தை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, என்னை ஏறிட்டும் பார்க்காமல், வந்தவருக்குக் காப்பி கொடுத்தார். அம்மையார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதே கேள்வியை ஒவ்வொரு சொல்லாக என்னிடம் கேட்டார்: "வாஸ் ஹாபென் ஸீ கெஸ்டர்ன் கெமாஹ்ட்?" நேற்று என்ன செய்தீர்கள்? இந்த முறை அது எனக்கு முழுசாகப் புரிந்தது. மனப்பாடம் செய்தது எதுவும் உதவிக்கு வரவில்லை. வரதன் சார் சுவரில் ஒட்டியிருந்த வினைப் பட்டியலை மனசுக்குள் தேடித் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"இஷ் ஹாபே கெலோகென்."

பொய் சொன்னேன் என்று அர்த்தம். பொய் சொல்வது ஹாபென் கட்சி. அதனால் யாருக்கும் எதுவும் மாறுவதில்லை என்று இலக்கணம் நினைக்கிறது போலிருக்கிறது. அன்று காலையில் அத்தையின் முகத்தைப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லைக் கட்சி மாற்றிப் போட்டிருப்பார்கள். அம்மையார் தலையை அசைத்துக்கொண்டார்.

புறப்படும்போது மலர்வளையம் ஒரு பிரச்சினையாகி விட்டது. வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. குப்பையில் போடவும் யாருக்கும் மனசு வரவில்லை. "வுடுங்க மேடம், பல்லாவரம் தாண்டறதுக்குள்ள ஒரு சாவு வூடு வராமயா பூடும்" என்று டிரைவர் அதை டிக்கியில் வைத்து மூடினார்.

எட்டு பேர் தேர்வும் ரத்தானது. திரும்ப எழுத அடுத்த தேர்வுக் காலம்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குள் மழைக்காலம் வந்து போய்விட்டது. என்னோடு வேலை பார்த்த இன்னொரு பையன் சான்றிதழோடு விமானம் ஏறினான். ரோஸ்லினும் அன்வரும் என்னோடு பேச ஒரு வருடம் ஆயிற்று. பிற்பாடு நான் அந்தத் தேர்வில் முறையாகத் தேறினேன். ஆனால் ஜெர்மனியை இதுவரை வரைபடத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மாமா இதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருவில் யாராவது, "பையன் எப்ப சார் ஜெர்மனி போறான்?" என்று கேட்டால், "அவனுக்குக் குளிர் ஒத்துக்காதுங்க, நான்தான் வேணாம்னுட்டேன்" என்பார். நடந்தது அத்தனையும் தெரிந்த தெரு அது. அவர்களிடமே முகம் மாறாமல் அப்படிச் சொல்வார். கேட்டவர்களும் முகம் மாறாமல் தலையை ஆட்டுவார்கள். நான் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

வருடங்கள் போகப் போக இது எங்கள் குடும்பத்தில் சிரிக்கிற கதையாகிவிட்டது. பிடிக்காத கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "நான்தான் அப்பவே செத்துட்டேனே" என்று மாமா தப்பித்துக்கொள்வார். இனிப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடமும் அதையே சொன்னார். என் பிள்ளைகள் ஸ்கூலுக்கு லீவு கேட்டால் என் மனைவி, "யாரைடா படியில தள்ளப் போறீங்க?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தை மட்டும் இன்றுவரை சிரித்ததில்லை. யாராவது இந்தக் கதையை ஆரம்பித்தால் மெதுவாக எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். நானும் அந்த இடத்தில் அவரைப் பார்க்க மாட்டேன்.

மாமாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒரு முறை வங்கியில் நிரூபிக்க வேண்டும். வீட்டிலிருந்தபடியே போனில் முடித்துவிடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்பதில்லை. யார் வந்தாலும் ஒத்துக்கொள்வதில்லை, நான்தான் லீவு போட்டுக் கூட்டிப்போக வேண்டும். கவுண்ட்டரில் இருக்கிற பெண் அவர் விரலை மெஷினில் வைக்கச் சொல்லும். மாமா விரலை எடுத்துக்கொள்வார்.

"இரும்மா. சாட்சி கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். டேய், சொல்லு."

எனக்கும் தலை நரைத்துவிட்டது. பின்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பெரியவர்களும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வருடமும் நான் அதையே மெல்லிய குரலில் சொல்வேன்.

"இவர் எங்க மாமா சபாபதி. உயிரோடதான் இருக்கார்."

"சத்தமா சொல்லுடா. செத்தேன்னு சொன்னப்ப ஊருக்கே கேட்டுச்சுல்ல?" என்பார் மாமா.

சத்தமாகச் சொல்லுவேன்.